அப்பா பெயர் இனிஷியல். கம்ப்யூட்டர் கேட்பது சர்நேம்!

"கம்ப்யூட்டர் ஏற்க மாட்டேன் என்கிறது."

பெங்களூரில் வேலை பார்க்கும் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் பதில் இது. பி.எப். பணம் கேட்டு மனுப் போட்டால் இந்தப் பதில். பாங்கில் கணக்குத் தொடங்கப் போனால் இந்தப் பதில். கம்பெனி மாறிப் புது வேலையில் சேர்ந்தால், அங்கும் இதே பதில்.

கம்ப்யூட்டர் தானாக எதையும் மறுப்பதில்லை. யாரோ ஒருவர் எழுதிய புரோகிராம்தான் மறுக்கிறது. அந்த ஒருவர் இன்று நம் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம். கோலார் தங்க வயலில் சுரங்கத்தில் இறங்கியவர்களின் பேரப் பிள்ளைகளும், பெங்களூர் மில்களில் தறி ஓட்டியவர்களின் பேரப் பிள்ளைகளும் இன்று எலெக்ட்ரானிக் சிட்டியிலும் ஒயிட்பீல்டிலும் உட்கார்ந்து புரோகிராம் எழுதுகிறார்கள்.

ஆகவே இந்தக் கட்டுரை இரண்டு பேருக்கு. கவுண்டருக்கு வெளியே கால் கடுக்க நிற்பவருக்கு ஒன்று. அந்தக் கவுண்டரின் புரோகிராமை எழுதுபவருக்கு இன்னொன்று. இருவரையும் வாட்டும் தவறுகள் மிகச் சிறியவை. அவற்றுக்குப் பரிகாரமும் உண்டு. அதைத் தெரிந்து கொண்டால் பாதித் தொல்லை தீரும்.

காலிப் படிவம்

பெரிய கம்பெனிகளின் சம்பளக் கணக்கு, பாங்குக் கணக்கு, இன்ஷூரன்ஸ் கணக்கு ஆகியவற்றை நடத்தும் புரோகிராம்களில் பல, 'ஆப்ஜெக்ட்' முறையில் எழுதப்பட்டவை. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். குமாஸ்தா வேலை பார்த்தவருக்கு இது தெரிந்த சங்கதிதான்.

அச்சடித்த காலிப் படிவம் ஒன்று இருக்கிறது. அதில் பெயர், பிறந்த தேதி, சம்பளம் என்று கட்டங்கள். இந்தக் காலிப் படிவத்துக்குக் 'கிளாஸ்' என்று பெயர். முருகன் என்பவருக்காக அதைப் பூர்த்தி செய்தால் அந்தத் தாள் ஒரு 'ஆப்ஜெக்ட்'. ஆயிரம் தொழிலாளிகள் இருந்தால் கிளாஸ் ஒன்றுதான், ஆப்ஜெக்ட் ஆயிரம்.

சாதாரணப் படிவத்துக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. இந்தப் படிவத்துக்கு வேலையும் தெரியும். "உன் வயது என்ன?" என்று கேட்டால், பிறந்த தேதியைப் பார்த்து அதுவே கணக்குப் போட்டுச் சொல்லும்.

நார்வே நாட்டில் ஓலே யோஹான் டால், கிறிஸ்டன் நிகார்ட் என்ற இருவர் 1960-களில் உருவாக்கிய 'சிமுலா' மொழியில் இந்த முறை பிறந்தது. 1995-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கம்பெனி வெளியிட்ட 'ஜாவா' மொழியும், பின்னர் மைக்ரோசாப்ட் கொண்டு வந்த 'சி ஷார்ப்' மொழியும் இதை ஆபீசுகளுக்குள் பரப்பின.

படிவத்தை அச்சடித்தவர் என்ன கட்டம் வைத்தாரோ, அதற்குள்தான் நாம் அடங்க வேண்டும். தொல்லை ஆரம்பமாவதும் அங்கேதான்.

சர்நேம் எங்கே?

முருகன் என்று ஒருவர். அவர் தந்தை பெயர் கந்தசாமி. ஊரில் அவர் க.முருகன். ஆங்கிலத்தில் எழுதினால் கே.முருகன். ஊர்ப் பெயரையும் சேர்த்து இரண்டு இனிஷியல் போடுகிறவர்களும் உண்டு. கன்னடக்காரர்களிலும் ஊர்ப் பெயர், தந்தை பெயரை இனிஷியலாகப் போடும் பழக்கம் இருக்கிறது. ஆகவே பெங்களூர் கவுண்டரில் இருப்பவருக்கு இது புதிதல்ல. ஆனால் புரோகிராமுக்குப் புதிது. அதன் படிவத்தில் 'முதல் பெயர்', 'கடைசிப் பெயர்' என்று இரண்டு கட்டங்கள். இரண்டையும் கட்டாயம் நிரப்ப வேண்டும். குடும்பப் பெயர் உள்ள ஊர்களில் இது சரி. முருகன் என்ன செய்வார்?

ஒரு இடத்தில் 'முருகன் கே' என்று எழுதுவார். இன்னொரு இடத்தில் 'கே முருகன்'. மூன்றாவது இடத்தில் 'முருகன் கந்தசாமி'. நாலாவது இடத்தில் 'கந்தசாமி முருகன்'. சர்நேம் கட்டத்தில் வெறும் புள்ளி வைப்பவர் உண்டு. முருகன் முருகன் என்று இரண்டு தடவை எழுதியவரும் உண்டு. பத்து வருஷம் கழித்துப் பார்த்தால் ஒரு மனிதர் ஐந்து மனிதர் ஆகியிருப்பார்.

பான் கார்டை எடுத்துப் பாருங்கள். அந்த எண்ணில் பத்து எழுத்துகள். தனிநபருக்கு அதன் ஐந்தாவது எழுத்து, கடைசிப் பெயரின் முதல் எழுத்து. தந்தை பெயரைக் கடைசிப் பெயராகக் கொடுத்திருந்தால் முருகனுக்கு அங்கே 'கே' விழும். முருகன் என்பதையே கொடுத்திருந்தால் 'எம்' விழும். ஆக, படிவத்தில் எந்தக் கட்டத்தில் எதை எழுதினோம் என்பது நம் எண்ணுக்குள்ளேயே பதிந்து விடுகிறது.

வெளிநாடு போகிறவர்களுக்கு இது இன்னும் பெரிய சோதனை. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு எமிரேட்ஸ், பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் மட்டும் உள்ளவர்களுக்கு விசிட் விசாவிலும் டூரிஸ்ட் விசாவிலும் அனுமதி இல்லை என்று அறிவித்தது. பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தினார்கள். சர்நேம் கட்டம் காலியாக இருந்த ஒரே காரணத்துக்காகப் பலர் திண்டாட வேண்டியிருந்தது.

புரோகிராம் எழுதும் தம்பி, தங்கைகளுக்கு இங்கே ஒரு யோசனை. பெயருக்கு ஒரே கட்டம் வையுங்கள்: 'முழுப் பெயர், நீங்கள் எழுதுகிறபடி'. தந்தை அல்லது கணவர் பெயருக்குத் தனிக் கட்டம். வேறு ஆபீசுக்கு அனுப்புவதற்காக இரண்டாகப் பிரித்தே ஆக வேண்டும் என்றால், அதற்கென்று தனியாக இரண்டு கட்டங்கள் வைத்து அவரிடமே கேட்டு நிரப்புங்கள். இடைவெளியைப் பார்த்து புரோகிராமே பெயரை வெட்டக் கூடாது.

'நல்' என்றால் நல்லதல்ல

கட்டம் காலியாக இருந்தால் புரோகிராம் என்ன செய்கிறது? 'ஒன்றுமில்லை' என்பதற்கு அதில் ஒரு சொல் உண்டு: 'நல்'. சில சமயம் கடிதங்களில் பெயருக்குப் பின்னால் இந்தச் சொல் அச்சாகி வரும். அது நல்வாழ்த்து அல்ல. புரோகிராமரின் கவனக் குறைவு.

டோனி ஹோர் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி 1965-ல் 'அல்கால் டபிள்யூ' மொழிக்காக இந்த ஏற்பாட்டைச் செய்தார். செய்வது சுலபமாக இருந்ததால் சேர்த்ததாகவும், அது நூறு கோடி டாலர் தவறு என்றும் 2009-ல் அவரே சொன்னார்.

இல்லாத சர்நேமின் முதல் எழுத்தை எடு என்று புரோகிராம் கட்டளையிட்டால், ஜாவா அந்த இடத்திலேயே நின்று விடும். கவுண்டரில் இருப்பவர், "சர்வர் எரர், நாளைக்கு வாங்க" என்பார். நாளைக்குப் போனாலும் அதே கதைதான். முருகனுக்குச் சர்நேம் நாளைக்கும் இருக்காதே!

பரிகாரம் என்ன? ஆபீசில் படிவம் வாங்கும் இடத்திலேயே சரி பார்க்கிறோம் அல்லவா? அதே போல, ஆப்ஜெக்ட் உருவாகும் வாசலிலேயே சோதிக்க வேண்டும். எது கட்டாயம், எது இல்லாமலும் இருக்கலாம் என்று அங்கேயே முடிவாக வேண்டும். 2014-ல் வந்த ஜாவா 8-ல் 'ஆப்ஷனல்' என்ற கிளாஸ் சேர்ந்தது. "இந்தக் கட்டம் காலியாகவும் இருக்கலாம், ஜாக்கிரதை" என்று மற்றப் புரோகிராமர்களுக்கு அது எச்சரிக்கை தருகிறது.

ஒன்றுமில்லை என்பதும், வெற்று எழுத்து என்பதும் வேறு வேறு. கேட்கவே இல்லை என்பது முதலாவது. கேட்டோம், அவருக்கு இல்லை என்பது இரண்டாவது. இரண்டையும் குழப்பினால், சர்நேம் இல்லாதவரிடம் ஆயுள் முழுக்கக் கேட்டுக் கொண்டே இருப்பார்கள்.

ஒரே ஆள்தானா?

அடுத்த வியாதி, ஒப்பிட்டுப் பார்ப்பதில் வருவது.

இரண்டு தாள்கள் இருக்கின்றன. "இரண்டும் ஒன்றா?" என்று கேட்டால் அதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. இரண்டும் ஒரே காகிதமா என்பது ஒன்று. இரண்டிலும் ஒரே விவரம் இருக்கிறதா என்பது மற்றொன்று. ஜாவாவில் இரட்டைச் சமக் குறி (==) போட்டு ஆப்ஜெக்டுகளை ஒப்பிட்டால், முதல் கேள்வியைத்தான் கேட்கிறோம். 'ஈக்குவல்ஸ்' என்று எழுதினால்தான் இரண்டாவது கேள்வி.

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் இதில் தவறுவதற்குக் காரணம் உண்டு. சோதனை செய்யும்போது தவறு வெளியே தெரிவதில்லை. புரோகிராமுக்குள்ளேயே எழுதிய ஒரே மாதிரிச் சொற்களை ஜாவா ஒரே காகிதமாக வைத்துக் கொள்கிறது. ஆகவே சோதனையில் சரியாக வரும். நிஜமான விவரம் வெளியிலிருந்து வந்ததும் பொய்த்து விடும்.

எண்களில் இது இன்னும் வேடிக்கை. எண்ணை ஆப்ஜெக்டாக வைக்கும்போது, -128 முதல் 127 வரையுள்ள எண்களை ஜாவா முன்கூட்டியே தயாராக வைத்திருக்கும். ஆகவே டோக்கன் எண் 127 வரை இரட்டைச் சமக் குறி ஒழுங்காக வேலை செய்யும். 128-வது ஆளுக்கு, 128-ம் 128-ம் வேறு வேறு என்று சொல்லி விடும்! பத்து டோக்கன் போட்டுச் சோதித்தவருக்கு இது எப்படித் தெரியும்? சோதிப்பவர் பெரிய எண்ணும் போட்டுப் பார்க்க வேண்டும்.

இன்னொரு கண்ணி, பெண்களுக்கென்றே வைத்தது போல இருக்கிறது. ஆர்.எம்.எஸ். தபால் பிரிக்கும் இடத்தில் புறாக்கூடு மாதிரி வரிசை வரிசையாக அறைகள் இருக்கும். ஜாவாவும் ஆப்ஜெக்டுகளை அப்படித்தான் அறை அறையாகப் போட்டு வைக்கிறது. எந்த அறை என்று சொல்லும் எண்ணுக்கு 'ஹாஷ் கோட்' என்று பெயர். இந்த எண்ணைப் பெயரும் இனிஷியலும் சேர்த்துக் கணக்கிட்டதாக வைத்துக் கொள்வோம். கல்யாணமான பெண், தந்தையின் இனிஷியலை விட்டுக் கணவரின் இனிஷியலுக்கு மாறுகிறார். படிவத்தில் திருத்துகிறார்கள். புரோகிராம் இப்போது புது இனிஷியலுக்கு உரிய அறையில் போய்த் தேடும். தாளோ பழைய அறையில் கிடக்கும். "அப்படி ஒருவர் இல்லை" என்று பதில் வரும். ஆள் எதிரே நிற்கிறார், தாளும் உள்ளே இருக்கிறது, ஆனாலும் இல்லை!

பரிகாரம் ஒன்றே. ஆளைப் பெயரால் அடையாளம் காணாதீர்கள். மாறாத ஓர் எண்ணால் காணுங்கள்: ஊழியர் எண், பி.எப். கணக்குக்குரிய யு.ஏ.என். எண் போன்றவை. 'ஈக்குவல்ஸ்' எதைப் பார்க்கிறதோ அதையேதான் 'ஹாஷ் கோட்'டும் பார்க்க வேண்டும். ஒன்றை எழுதிவிட்டு மற்றதை எழுதாமல் விடக் கூடாது. பெயர் சரிபார்ப்பதற்கு மட்டுமே. அங்கும் புள்ளி, இடைவெளி, பெரிய எழுத்து, சின்ன எழுத்து ஆகிய வித்தியாசங்களை நீக்கிவிட்டுப் பார்க்க வேண்டும்.

பொன்னுசாமி 'பொன்னு' ஆன கதை

தமிழில் பெயரைப் பதிவு செய்யும் இடத்தில் தனித் தொல்லை உண்டு. பொன்னுசாமி என்ற பெயரில் நம் கணக்கில் எழுத்து ஐந்து. கம்ப்யூட்டர் உலகம் முழுவதற்கும் பொதுவான 'யூனிகோட்' முறையில் எண்ணினால் பத்து. 'சா' என்பதில் 'ச' ஒன்று, கால் ஒன்று என்று தனித் தனியாக எண்ணுகிறது. பரவலாக வழங்கும் 'யு.டி.எப். 8' முறையில் சேமித்தால் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். ஆகப் பொன்னுசாமிக்கு 30 பைட் இடம் வேண்டும். ஆங்கிலப் பெயரை நினைத்து 20 பைட் மட்டும் இடம் விட்டிருந்தால், 'பொன்னு' வரைதான் உருப்படியாக நிற்கும். மிச்சத்துக்குக் கேள்விக் குறியோ கட்டமோ வரும்.

'பொ' என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாகச் சேமிக்கலாம். கொம்பு தனி, கால் தனி என்றும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. புரோகிராமுக்கு வேறு வேறு. கம்பெனியில் ஒரு விதம், மற்றொரு ஆபீசில் இன்னொரு விதம் என்றால், பொன்னுசாமியும் பொன்னுசாமியும் ஒன்றல்ல என்று தீர்ப்பாகும்.

இதற்கு 'நார்மலைசர்' என்ற கிளாஸ் 2006-ல் வந்த ஜாவா 6 முதலே இருக்கிறது. ஒப்பிடும் முன்பும் சேமிக்கும் முன்பும் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டு வந்து விடும். ஒரு வரி எழுதினால் போதும்.

ஒரு நாள் தவறினால் ஒரு மாதச் சம்பளம்

பிறந்த தேதி ஒரு நாள் முன்னே பதிவாகியிருப்பதைச் சிலர் பார்த்திருக்கலாம். குமாஸ்தா தவறாகத் தட்டிவிட்டார் என்று நினைப்போம். எப்போதும் அவர் மேல் குற்றம் இல்லை.

கம்ப்யூட்டர் மையங்களில் பல கிரீன்விச் நேரப்படி நடக்கின்றன. நம் நேரம் அதை விட ஐந்தரை மணி முன்னே. தேதி மட்டும் போதும் என்ற இடத்தில், புரோகிராமர் தேதியையும் நேரத்தையும் சேர்த்து வைக்கிறார். ஜூன் 2 என்று தட்டினால், அது ஜூன் 2 நள்ளிரவு 0 மணி என்று பதிவாகும். அதே நொடி கிரீன்விச்சில் ஜூன் 1 மாலை 6-30. அங்கே தேதியை மட்டும் கத்தரித்து எடுத்தால் ஜூன் 1!

ஒரு நாள்தானே என்று விடலாமா? விட முடியாது. ரயில்வே உள்ளிட்ட மத்திய அரசு வேலைகளில், பொதுவாக 60 வயது நிரம்பும் மாதத்தின் கடைசி நாளில் ஓய்வு. ஆனால் 1-ந் தேதி பிறந்தவருக்கு முந்திய மாதத்தின் கடைசி நாளே ஓய்வு. ஜூன் 2 பிறந்தவர் ஜூன் 30 வரை வேலையில் இருப்பார். ஜூன் 1 என்று பதிவாகியிருந்தால் மே 31-ல் வீட்டுக்குப் போக வேண்டும். ஒரு மாதச் சம்பளம் போயிற்று.

ஜாவாவின் பழைய 'டேட்' கிளாஸில் வேறு குழப்பமும் உண்டு. அதில் ஜனவரி 0, டிசம்பர் 11. ஜூன் என்று நினைத்து 6 போட்டால் ஜூலை வரும். 2014-ல் ஜாவா 8-ல் இதற்கெல்லாம் மாற்று வந்தது. 'லோக்கல் டேட்' என்ற கிளாஸ் தேதியை மட்டும் வைத்திருக்கும். நேரம் என்பதே அதில் கிடையாது. பிறந்த தேதி, சேர்ந்த தேதி, லீவு தேதி எல்லாவற்றுக்கும் அதுதான் பொருத்தம். இன்றும் பழைய கிளாஸை நகல் எடுத்துப் போடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஐம்பது பைசா

பணக் கணக்கில் வரும் தவறு பைசாவில் ஆரம்பிக்கும். பத்துப் பைசாவும் இருபது பைசாவும் முப்பது பைசா. ஜாவாவில் 'டபிள்' என்ற வகையில் 0.1, 0.2 இரண்டையும் கூட்டச் சொன்னால் 0.30000000000000004 என்று வரும். கம்ப்யூட்டருக்குக் கணக்குத் தெரியவில்லை என்று அர்த்தமல்ல. மூன்றில் ஒரு பங்கை நாம் 0.3333 என்று முடிவில்லாமல் எழுதுவது போல, பத்தில் ஒரு பங்கை அது தன் இரண்டெழுத்துக் கணக்கில் முடித்து எழுத முடியாது. எங்காவது வெட்ட வேண்டும்.

பி.எப். பிடித்தத்தில் இது எப்படிப் படும் என்று பாருங்கள். 2014 செப்டம்பரில் வந்த சம்பள வரம்பு 15,000 ரூபாய். பென்ஷன் பங்கு 8.33 சதவிகிதம். பெருக்கினால் 1,249 ரூபாய் 50 பைசா. ஐம்பது பைசாவும் அதற்கு மேலும் அடுத்த ரூபாய் என்பது விதி, ஆகவே 1,250. இந்தக் கணக்கை 'டபிள்' வகையில் போட்டு, விடை மயிரிழை குறைந்து 1,249.4999 என்று நின்றால், 1,249 என்று ஆகிவிடும். ஆபீஸ் கணக்கும் கம்பெனி கணக்கும் ஒரு ரூபாய் உதைக்கும். அந்த ஒரு ரூபாய்க்காகக் கணக்குப் பிள்ளை ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்திருப்பார்.

சிறு வெட்டு பெரு நஷ்டமான சம்பவம் சரித்திரத்தில் உண்டு. கனடா நாட்டு வான்கூவர் பங்குச் சந்தையில் 1982 ஜனவரியில் புதிய குறியீட்டு எண்ணை 1,000-ல் தொடங்கினார்கள். ஒவ்வொரு கணக்கிலும் மூன்று தசமத்துக்கு மேல் வந்ததை வெட்டி எறிந்தார்கள். 1983 நவம்பரில் அந்த எண் 520-ஐ ஒட்டி இறங்கியிருந்தது. சரியாகக் கணக்கிட்டபோது 1,098! சந்தை விழவில்லை, கணக்குத்தான் விழுந்தது.

பரிகாரம் இரண்டு. ஒன்று, எல்லாவற்றையும் பைசாவாக முழு எண்ணில் வைப்பது. மற்றொன்று, ஜாவாவின் 'பிக் டெசிமல்' கிளாஸ். இதிலும் இரண்டு எச்சரிக்கை. 0.1 என்பதை மேற்கோள் குறிக்குள் எழுத்தாகக் கொடுக்க வேண்டும். எண்ணாகக் கொடுத்தால் பழைய அழுக்கும் கூடவே வரும். 2.0-ம் 2.00-ம் ஒன்றா என்று 'ஈக்குவல்ஸ்' போட்டுக் கேட்டால் இல்லை என்னும். 'கம்பேர் டூ' போட்டுக் கேட்க வேண்டும்.

அரை ரூபாய் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதையும் எழுதி வையுங்கள். சி ஷார்ப் மொழியின் 'ரவுண்ட்', ஒன்றும் சொல்லாவிட்டால் 1,248.50-ஐ 1,248 ஆக்கும். அது பக்கத்தில் உள்ள இரட்டைப்படை எண்ணைத் தேடும் வழக்கம். பி.எப். விதி 1,249 என்கிறது.

கடைசி பெர்த்

கம்ப்யூட்டர் வருவதற்கு முன் ரயில்வே ரிசர்வேஷன் ரிஜிஸ்தரில் நடந்தது. ரிஜிஸ்தர் ஒரு குமாஸ்தா கையில் இருந்தால் இன்னொருவர் அதில் எழுத முடியாது. ரிஜிஸ்தரே பூட்டு. 1985-ல் டெல்லியில் கம்ப்யூட்டர் ரிசர்வேஷன் ஆரம்பமாயிற்று. 1999-ல் டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களும் ஒன்றாகப் பின்னப்பட்டன. ஒரே நொடியில் பல ஊர்களில் இருந்து ஒரே பெர்த்தைக் கேட்கலாம் என்ற நிலை வந்தது. அப்படியானால் பூட்டும் புரோகிராமுக்குள் இருக்க வேண்டும்.

லீவு மனுவானாலும் சரக்குக் கிடங்கானாலும் இதே பிரச்னைதான். "இருக்கிறதா?" என்று பார்ப்பது ஒரு வேலை, "எடுத்துக் கொள்" என்பது அடுத்த வேலை. இரண்டுக்கும் நடுவில் இன்னொருவர் நுழைந்து விட்டால் ஒரே பொருள் இரண்டு பேருக்கு. இரண்டு வேலையையும் பிரிக்க முடியாத ஒரே காரியமாகக் கட்ட வேண்டும். அல்லது ஒவ்வொரு தாளிலும் திருத்த எண் ஒன்று போட வேண்டும். நான் படித்தபோது எண் 7. எழுதப் போகும்போது 8 என்றால், நடுவில் யாரோ திருத்தியிருக்கிறார் என்று அர்த்தம். எழுதாமல் நிறுத்தி, மறுபடி படிக்க வேண்டும்.

பட்டனை இரண்டு தடவை அழுத்திப் பணம் இரண்டு தடவை போவதும் இந்த ஜாதிதான். ஒவ்வொரு கோரிக்கைக்கும் முதலிலேயே ஓர் எண் கொடுத்து விட்டால், அதே எண் மறுபடி வரும்போது "முன்பே ஆயிற்று" என்று சொல்லி விடலாம்.

பணம் அனுப்பியவர்களுக்கு உபயோகமான தகவல்: 2019 செப்டம்பர் 20-ந் தேதி ரிசர்வ் பாங்க் பிறப்பித்த உத்தரவுப்படி, யு.பி.ஐ. மூலம் ஒருவருக்கு அனுப்பிய பணம் நம் கணக்கில் கழிந்து அவருக்குச் சேராவிட்டால், மறுநாளுக்குள் திரும்பி வர வேண்டும். கடைக்குச் செலுத்தியதென்றால் ஐந்து நாள். அதற்கு மேல் தாமதித்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்ட ஈடு.

விழுங்கிய பிழை

எல்லாவற்றிலும் கெட்ட பழக்கம் ஒன்று உண்டு. புரோகிராம் ஓடும்போது பிழை வந்தால் ஜாவா அதைத் தூக்கி எறியும். அதைப் பிடித்துக் காரணம் எழுதி வைக்க வேண்டியது புரோகிராமரின் கடமை. சிலர் பிடித்து, ஒன்றும் செய்யாமல் விழுங்கி விடுகிறார்கள். புகார் மனுவை வாங்கி மேஜை டிராயரில் போட்டுப் பூட்டுவதற்கு ஒப்பானது இது. வெளியே எல்லாம் ஒழுங்காக நடப்பது போலத் தெரியும். முருகனின் மனு மட்டும் எங்கும் இருக்காது.

ஸ்டேஷனில் சிக்னல் பழுதானால் ரிஜிஸ்தரில் நேரம் போட்டு எழுதுகிறார்கள். எழுதாவிட்டால் ரிப்பேர் செய்கிறவருக்கு எப்படித் தெரியும்? புரோகிராமிலும் அப்படியே. என்ன நேரம், எந்த மனு எண், எந்தக் கட்டம் என்று எழுத வேண்டும். பாதி நடந்த வேலையை ரத்து செய்ய வேண்டும். மனுதாரருக்குப் புரிகிற மொழியில் காரணம் சொல்ல வேண்டும்.

என்ன செய்யலாம்?

கவுண்டருக்கு வெளியே இருப்பவர்களுக்கு:

1. ஆதார், பான், பாங்குப் பாஸ் புத்தகம், பி.எப். பதிவு நான்கையும் எடுத்து வைத்து, பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். புள்ளியும் இடைவெளியும் கூட முக்கியம். பணம் தேவைப்படும் நாள் வரை காத்திருக்க வேண்டாம்.

2. இனி எந்தப் படிவத்திலும் ஒரே மாதிரி எழுதுவது என்று முடிவு செய்யுங்கள். குழந்தையைப் பள்ளியில் சேர்க்கும்போது இனிஷியலை விரித்து, தந்தை பெயரை முழுதாக எழுதுவது நல்லது.

3. பி.எப். பதிவில் பெயர், பிறந்த தேதியைத் திருத்த 'ஜாயிண்ட் டிக்ளரேஷன்' என்ற ஏற்பாடு இருக்கிறது. கம்பெனியில் இருக்கும்போதே முடித்துக் கொள்ளுங்கள். கம்பெனி மூடிய பிறகு அலைச்சல் அதிகம்.

4. "சர்வர் எரர்" என்றால், திரையில் வந்த வாசகம், தேதி, நேரம், மனு எண் நான்கையும் குறித்துக் கொள்ளுங்கள். இந்த நான்கும் இருந்தால் புரோகிராமர் தவறைத் தேடிப் பிடிக்க முடியும். "நேற்று வேலை செய்யவில்லை" என்ற புகாரை வைத்துக் கொண்டு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

உள்ளே இருக்கும் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான். ஒரு நாள் கவுண்டரில் போய் வரிசையில் நில்லுங்கள். சர்நேம் இல்லாதவர், இனிஷியல் மாறியவர், 1-ந் தேதி பிறந்தவர், தமிழில் கையெழுத்துப் போடுகிறவர் எல்லோரும் அங்கே இருப்பார்கள். அவர்கள் பெயர்களையும் தேதிகளையும் உங்கள் சோதனைப் பட்டியலில் சேருங்கள். அதில் ஒன்றாவது உங்கள் புரோகிராமில் தடுக்கி விழுந்தால், திருத்த வேண்டியது படிவத்தைத்தான், ஆளை அல்ல.

கவுண்டரில் நிற்கும் அன்பர்களும், "கம்ப்யூட்டர் ஏற்காது" என்ற பதிலோடு திரும்பி வர வேண்டாம். எந்தக் கட்டம், எந்த எழுத்து என்று கேளுங்கள். அதற்குப் பதில் கிடைத்தால் வேலை பாதி முடிந்த மாதிரி.